பயமும் விசுவாசமும்: இராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் என்ற ஊரிலும் அதை ஒட்டிய கரையோர ஊர்களிலும் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டங்களில் பல ஆண்டுகளாக வேதம் வாசித்து விளக்கி வருகிறேன். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் கடலுக்குப் போகிறவர்களின் மனைவியர், தாய்மார், கடற்பாசி எடுக்கும் பெண்கள். கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில், மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் பயத்தைப் பற்றியவையாகவே இருக்கின்றன. அவற்றையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை. கத்தோலிக்கப் பங்குகளில் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பில் சொற்கள் சற்று வேறுபடும், பொருள் வேறுபடாது.

பயப்படுவது பாவமா? விசுவாசி பயப்படலாமா?

பயப்படுவது பாவமன்று. இயேசு கெத்செமனே தோட்டத்தில் 'திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்' என்று மாற்கு எழுதுகிறார். பாவமே அறியாதவர் திகிலடைந்தார் என்று வேதமே சொல்லும்போது, நடுங்குகிற ஒரு பெண்ணைப் பார்த்து 'உனக்கு விசுவாசம் போதாது' என்று சொல்ல நமக்கு யார் உரிமை கொடுத்தது? அப்படிச் சொல்லப்பட்டு மனம் நொந்து, கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்களை நான் அறிவேன். பயத்தோடு குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமக்க வைப்பது ஊழியமாகாது.

தாவீது எழுதியதைக் கவனியுங்கள்: 'நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்.' பயம் தீர்ந்த பிறகு நம்புவேன் என்று அவர் சொல்லவில்லை. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே நெஞ்சில் இருக்கின்றன. இயேசுவும் அந்தத் தோட்டத்தில் தம் திகிலை மறைக்கவில்லை. சீடரிடம் சொன்னார், பிதாவிடம் சொன்னார், பிறகு எழுந்து நடந்தார்.

அப்படியானால் 'பயப்படாதே' என்று வேதம் திரும்பத் திரும்பக் கட்டளையிடுவது ஏன்?

ஆண்டின் நாள் ஒன்றுக்கு ஒன்றாக 365 முறை அந்தச் சொல் வேதத்தில் வருகிறது என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது. அது வர வேண்டிய தேவையும் இல்லை. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் என்ன வருகிறது என்பதே முக்கியம். ஏசாயாவில், 'நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்' என்று வருகிறது. ஈசாக்குக்குச் சொல்லப்பட்டதும் அதுவே. கொரிந்து பட்டணத்தில் இரவு தரிசனத்தில் பவுலுக்குச் சொல்லப்பட்டதும் அதுவே. 'பயப்படாதே, உனக்கு ஒன்றும் நேராது' என்பது வேதத்தின் வழக்கமான பேச்சாக இல்லை. இருட்டில் அழும் குழந்தையைத் தாய் 'பயப்படாதே, அம்மா இருக்கிறேன்' என்று அணைத்துக்கொள்வது போன்றது அது. அந்தத் தாய் குழந்தைக்குக் கட்டளையிடுகிறாள் என்று நாம் எண்ணுவதில்லை.

இந்த ஒன்றை மனத்தில் பிடித்துக்கொண்டால், கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

கடலை அமர்த்திய நிகழ்ச்சியை எப்படிப் புரிந்துகொள்வது? சீடர்களை இயேசு கடிந்துகொண்டாரே?

மாற்கு நான்காம் அதிகாரத்தின் இந்தப் பகுதியைக் கரையில் வாழ்கிறவர்கள் வாசிப்பது போல் மற்றவர்களால் வாசிக்க முடியாது. 'கப்பலின் பின்னணியத்தில் அவர் தலையணையை வைத்து நித்திரையாயிருந்தார்' என்ற வரியை வாசித்தபோது, கூட்டத்திலிருந்த வயதான மீனவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அணியம் என்பது அவர் நாள்தோறும் புழங்கும் சொல், படகின் முன்பக்கம்; பின்னணியம் அதன் பின்பக்கம். பின்னணியத்தில் ஒருவர் படுத்திருந்தால் அலை படகில் ஏறும்போது தண்ணீர் எப்படி வந்து சேரும் என்பதை அவர் தம் கையாலேயே காட்டினார். 'அந்த இடத்திலே தூங்குறதுன்னா, ஆளு அவ்வளவு களைச்சுப் போயிருந்திருக்கணும்மா' என்றார். அன்று முழுவதும் இயேசு கரையில் கூடிய ஜனங்களுக்குப் போதித்திருந்தார் என்பது அதே அதிகாரத்தில் இருக்கிறது. நான் எத்தனையோ முறை வாசித்தும் இணைத்துப் பார்க்காத ஒன்றை அவர் ஒரே வாக்கியத்தில் இணைத்துவிட்டார்.

சீடர்களில் நான்கு பேராவது அந்தக் கடலில் வலை வீசிப் பிழைத்தவர்கள். காற்றின் குணம் தெரியாதவர்கள் பயந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது; தெரிந்தவர்களே பயந்தார்கள். அவர்கள் அவரை எழுப்பிக் கேட்டது, 'போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா' என்பது. இது காப்பாற்றும்படி கேட்கும் ஜெபமாகக்கூட இல்லை, குற்றச்சாட்டு. அந்தக் குற்றச்சாட்டைக் கேட்டும் அவர் எழுந்தார். முதலில் காற்றை அதட்டினார். 'இரையாதே, அமைதலாயிரு' என்று கடலிடம் சொன்னார். அதன் பிறகே சீடர்களிடம், 'ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்?' என்று கேட்டார். அந்த வரிசையை நான் மிகவும் நேசிக்கிறேன். மூழ்குகிறவனுக்குப் பாடம் நடத்தாமல், முதலில் கை கொடுத்தார்.

இன்னொன்றும் உண்டு. காற்று அடங்கிய பிறகு, 'அவர்கள் மிகவும் பயந்து: இவர் யாரோ? காற்றும் கடலும் இவருக்குக் கீழ்ப்படிகிறதே' என்றார்கள். புயலில் இருந்ததைவிட அமைதலில் பயம் கூடியது போல் தோன்றுகிறது. ஆனால் இது வேறு வகையான பயம். வேதம் 'கர்த்தருக்குப் பயப்படுதல்' என்று சொல்வது இதுதான்: தன்னைவிடப் பெரியவர் ஒருவர் தன் படகிலேயே இருக்கிறார் என்று அறிந்தவனுடைய நடுக்கம். அந்தப் பெரிய பயத்துக்கு முன்னால் மற்றப் பயங்கள் தங்கள் அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன.

'வேறே படவுகளும் அவரோடேகூட இருந்தது' என்று மாற்கு சொல்லி நிறுத்திவிடுகிறார். அந்தப் படகுகளில் இருந்தவர்களுக்கு இயேசு எங்கே படுத்திருந்தார் என்பது தெரிந்திருக்காது. ஆனாலும் அவர்களுக்கும் கடல் அமர்ந்தது. நம் ஊரில் விசுவாசத்தில் வேறுபட்ட அண்டை வீட்டாரை நினைக்கும்போதெல்லாம் இந்த வரி எனக்கு நினைவுக்கு வரும்.

புயல் எச்சரிக்கை கொடுத்த பிறகு, தேவன் காப்பார் என்று நம்பிக் கடலுக்குப் போகலாமா?

போகக் கூடாது. இதைக் கொஞ்சமும் மழுப்பாமல் சொல்ல விரும்புகிறேன்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண் 1 முதல் 11 வரை உண்டு. பகலில் கூண்டும் இரவில் விளக்குகளும் நமக்குச் செய்தி சொல்கின்றன. கூண்டு ஏறியதும் மீன்வளத்துறை அனுமதிச் சீட்டு கொடுப்பதை நிறுத்துகிறது. அதையும் மீறி, 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று நங்கூரத்தை எடுக்கிறவர் விசுவாசத்தால் போகிறார் என்று நான் நினைக்கவில்லை. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சோதனைக்காரன் இயேசுவிடம் சொன்னதும் இதே பேச்சுத்தான். கர்த்தரைப் பரீட்சை பாராதே என்பதே அவருடைய பதில்.

அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக உட்கார்ந்து வாசியுங்கள். காலம் தப்பிய பருவத்தில் புறப்படுவது ஆபத்து, சரக்குக்கும் கப்பலுக்கும் மட்டுமல்லாமல் உயிருக்கும் சேதம் வரும் என்று பவுல் முன்னதாகவே எச்சரித்தார். பவுலைக் கைதியாகக் கொண்டுபோன நூற்றுக்கு அதிபதி அவரை நம்பாமல் மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். தென்றல் மெதுவாக அடித்ததைக் கண்டு புறப்பட்டார்கள். சற்று நேரத்துக்குள் யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று பிடித்துக்கொண்டது. பதினாலாம் இரவில் ஆழம் பார்க்கும் கயிறான விழுதை விட்டுப் பார்த்து, முதலில் இருபது பாகம், பிறகு பதினைந்து பாகம் என்று கண்டார்கள். இன்றும் நம் ஆட்கள் கடலின் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்கிறார்கள். பாறையில் மோதிவிடுவோம் என்று பயந்து, பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரங்களைப் போட்டு, 'பொழுது எப்போது விடியுமோ என்றிருந்தார்கள்'. கடலில் ஓர் இரவேனும் தவித்தவருக்கு இந்த வரிக்கு விளக்கம் தேவைப்படாது.

கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். 'பவுலே, பயப்படாதே' என்ற வார்த்தை கிடைத்த பிறகும் பவுல் கைகட்டி உட்காரவில்லை. மாலுமிகள் சிறுபடகில் தப்பப் பார்த்தபோது தடுத்தார். பட்டினி கிடந்தவர்களைச் சாப்பிடச் சொல்லி, எல்லோருக்கும் முன்பாக அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். கப்பல் உடைந்தது, சரக்கு போயிற்று. 276 பேரும் கரை சேர்ந்தார்கள். எச்சரிக்கை கொடுத்தவரும் பயப்படாதே என்ற வாக்கைப் பெற்றவரும் ஒரே மனிதர் என்பதைப் பாருங்கள். வானிலை அறிக்கையைக் கேட்பதும் ஜெபிப்பதும் ஒன்றுக்கொன்று பகையில்லை.

கூண்டு ஏறிய நாளில் கடலுக்குப் போகாதிருந்தால் அன்றைய வருமானம் போகும் என்பதும், கடன் கொடுத்தவர் மறுநாள் வாசலில் நிற்பார் என்பதும் எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

கணவர் கடலுக்குப் போன இரவுகளில் உறக்கம் வருவதில்லை. என்ன செய்வது?

என்னிடம் இதைக் கேட்ட சகோதரி ஒருத்தியின் வீட்டில் ஒரு நாள் இரவு தங்கியிருந்தேன். கணவரின் பங்குச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தாள். கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, வைத்த சற்று நேரத்தில் எடுத்துப் பார்த்தாள். கச்சான் காற்று கதவைத் தட்டும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தாள். 'அக்கா, நீங்க தூங்குங்க, எனக்குப் பழக்கம்தான்' என்றாள். அந்தப் பழக்கத்துக்குத் திருமணமாகி எத்தனை ஆண்டுகளோ அத்தனை வயது.

அவளிடம் நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இரவு முழுவதும் விழித்திருந்து கடலைக் காவல் காக்கும் வேலை உங்களுடையதன்று. நான்காம் சங்கீதத்தில், 'சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன். கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்' என்று வருகிறது. படுக்கும் முன் கணவருடைய பெயரையும், படகில் உடன் போனவர்கள் ஒவ்வொருவருடைய பெயரையும் வாய்விட்டுச் சொல்லி அவர் கையில் ஒப்புவியுங்கள். 'கடலுக்குப் போனவர்கள்' என்று மொத்தமாகச் சொல்லாமல் பெயர் சொல்லி ஜெபிக்கும்போது மனம் ஒவ்வொருவரிடமும் நின்று நகர்கிறது. வெறும் அலைச்சல் குறைகிறது. பிறகும் உறக்கம் வராவிட்டால் அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். 107ஆம் சங்கீதத்தில், கப்பலேறித் திரளான தண்ணீர்களிலே தொழில் செய்கிறவர்களைப் பற்றிய பகுதியை மெதுவாக வாசியுங்கள். 'தாங்கள் நாடின துறைமுகத்தில்' அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறார் என்ற இடத்தில் நிறுத்திவிடலாம்.

முடிந்தால் அந்த இரவில் தனியாக இருக்காதீர்கள். அடுத்த வீட்டிலும் ஒருத்தி விழித்துத்தான் இருப்பாள்.

குழந்தைகள் 'அப்பா வருவாரா' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

'கண்டிப்பாக வருவார், ஆண்டவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்' என்று சொல்லாதீர்கள். வேதத்தில் இல்லாத வாக்கை ஆண்டவர் பெயரில் கொடுத்தால், அது பொய்த்துப்போகும் நாளில் குழந்தை தகப்பனோடு தேவனையும் இழந்துவிடும். 'அப்பா வருவதற்காக நாம் ஜெபிப்போம். இப்போது அப்பாவோடும் ஆண்டவர் இருக்கிறார், நம்மோடும் இருக்கிறார்' என்று சொல்லுங்கள். அது உண்மை. குழந்தைகளுக்கு உண்மையைத் தாங்கும் பலம் நாம் நினைப்பதைவிட அதிகம்.

ஜெபித்தும் ஆபத்து வந்துவிட்டதே; அப்போது விசுவாசத்தின் பயன் என்ன?

இந்தக் கேள்வியை இந்தக் கரையில் யாரும் விளையாட்டாகக் கேட்பதில்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே இல்லாமற்போயிற்று. பாம்பனிலிருந்து அங்கே போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் இழுத்துக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாட்கள் இருந்தன. பவளக்கற்களால் கட்டப்பட்ட தேவாலயத்தின் சுவர்கள் கூரையின்றி இன்றும் நிற்கின்றன. சுற்றுலா வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் ஒரு முறை அந்தச் சுவரில் கை வைத்தேன். கல்லுக்குள் பவளப்பூச்சிகள் கட்டிய சிறு சிறு துளைகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. அந்தக் கோயிலுக்குள் முழங்கால் படியிட்டவர்கள் நம்மைவிடக் குறைவாக ஜெபித்தவர்கள் என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன்.

ஆகவே, 'விசுவாசித்தால் ஒன்றும் நேராது' என்ற போதனையை இந்த மண்ணில் நின்று யாரும் சொல்லக் கூடாது. அது வேதத்தின் போதனையும் இல்லை. அக்கினிச் சூளையின் முன் நிறுத்தப்பட்ட மூன்று எபிரெய வாலிபர்கள், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். உடனேயே, 'விடுவிக்காமற்போனாலும்' உம்முடைய சிலையைப் பணிய மாட்டோம் என்றும் ராஜாவிடம் சொன்னார்கள். அந்த 'விடுவிக்காமற்போனாலும்' என்ற ஒரு சொல்லில் கிறிஸ்தவ விசுவாசத்தின் முழு எடையும் இருக்கிறது. விடுதலை கிடைத்தால் அவர் நல்லவர், கிடைக்காவிட்டால் அவர் இல்லை என்று அவர்கள் பேரம் பேசவில்லை. சூளைக்குள்ளே நாலாவது ஆள் ஒருவர் உலாவக் காணப்பட்டார் என்பதும், சூளையை அவர் அணைக்கவில்லை என்பதும் அங்கேயே எழுதப்பட்டிருக்கின்றன.

இழந்தவர்களிடம் காரணம் சொல்ல முயலாதீர்கள். 'எல்லாம் நன்மைக்கே' என்ற சொல் துக்க வீட்டில் கத்தி போல் இறங்கும். சிலுவையில் இயேசுவே, 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு உங்களுக்கும் இடம் உண்டு. உயிர்த்தெழுதலை நான் முழு மனத்தோடு நம்புகிறேன். கடலில் போனவர்களும் அவர் கையை விட்டுப் போகவில்லை என்று நம்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கையை அழுகிறவர்களின் வாயை அடைக்கப் பயன்படுத்த மாட்டேன்.

ஓரியூரில் உயிர்விட்ட அருளானந்தர் போன்றவர்களுக்குப் பயமே இருந்திருக்காதா?

லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ, அருளானந்தர் என்ற பெயரோடு மதுரை மறைப்பணித் தளத்தில் உழைத்தவர். 1686இல் மறவர் சீமையில் (இன்றைய இராமநாதபுரம் பகுதியில்) பிடிபட்டு வதைக்கப்பட்டு, விடுவிக்கப்பட்டார். பிறகு ஐரோப்பா போனார். அங்கேயே தங்கியிருக்கலாம், ஆனால் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். 1947இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அங்கே போகிறவர்கள் இன்றும் அந்தச் செம்மண்ணைக் கையில் அள்ளி நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். நான் புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவள். ஆனாலும் அந்த மண்ணில் நிற்கும்போது செருப்பைக் கழற்றிவிடுவேன்.

வதைக்கப்பட்ட இடத்துக்குத் தெரிந்தே திரும்பிய மனிதருக்குப் பயம் இருந்ததா இல்லையா என்று நான் எப்படிச் சொல்வேன்? உடம்பு பட்ட அடியை மறப்பதில்லை. பயத்தைவிட அவர் நேசித்தது பெரிதாக இருந்தது என்று மட்டும் சொல்ல முடியும். 'பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்' என்று யோவான் எழுதுவதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். தைரியத்தை வரவழைக்கப் பாடுபடாமல், எதை நேசிக்கிறோமோ அதன் பக்கம் மனத்தைத் திருப்பினால், பயம் தன் இடத்தை விட்டு நகர்கிறது.

இலங்கைக் கடற்படையைப் பற்றிய பயம் வெறுப்பாக மாறிவிடுகிறது. அது தவறா?

மகன் சிறைப்பட்டு, படகு பறிமுதலாகி, கடன் மட்டும் கரையில் நிற்கும் தாயிடம் 'வெறுக்காதே' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவளுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கேட்கப்பட்டதால் சொல்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும், நம்மைப் போலவே தமிழ் பேசி, நம்மைப் போலவே அந்தோணியாரிடம் வேண்டிக்கொள்கிற மீனவர்கள் இருக்கிறார்கள். நம் விசைப்படகுகள் இழுத்துச்செல்லும் பெரிய வலையான இழுவைமடி தங்கள் வலைகளை அறுத்துவிடும் என்று அவர்களும் இரவில் பயப்படுகிறார்கள். இதை நம் கூட்டங்களில் சொன்னால் சிலருக்குப் பிடிப்பதில்லை. ஆனால் கச்சத்தீவுத் திருவிழாவில் இரண்டு கரை மக்களும் ஒரே திருப்பலியில் மண்டியிடும்போது, யாருடைய பயத்தைத் தேவன் கேட்கிறார், யாருடையதைத் தள்ளுகிறார் என்று பிரிக்க முடியுமா? நம் பிள்ளைகளின் விடுதலைக்காக ஜெபிக்கும்போது அந்தக் கரையின் வலைகளுக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். நான் சொல்லத் தொடங்கியபோது கஷ்டமாகத்தான் இருந்தது.

கடன், வட்டி, பிள்ளைகளின் படிப்பு என்ற பயத்துக்கு ஜெபம் மட்டும் போதுமா?

போதாது. 'நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்' என்று இயேசு சொன்னது உண்மை. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாத தடைக்காலத்தில், அடுப்பில் என்ன வைப்பது என்று திகைப்பவரிடம் அந்த வசனத்தைச் சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிட்டால், யாக்கோபு நம்மைப் பார்த்துத்தான் எழுதுகிறார்: வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவரிடம் 'சமாதானத்தோடே போங்கள்' என்று சொல்லி, சரீரத்துக்கு வேண்டியவற்றைக் கொடாவிட்டால் பயன் என்ன? கூண்டு ஏறிய நாளில் ஒருவர் கடலுக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால், அன்று அவர் வீட்டு அரிசிக்குச் சபை பொறுப்பேற்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் வாரந்தோறும் ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவந்து ஒரு தூக்குவாளியில் போடுகிறோம். யார் எடுத்துப் போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பேய், செய்வினை, கண்ணேறு ஆகியவற்றைப் பற்றிய பயம்?

'மரணமானாலும், ஜீவனானாலும்' என்று தொடங்கி, எந்த வல்லமையும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்க மாட்டாது என்று ரோமர் எட்டாம் அதிகாரம் முடிகிறது. அதை நம்புகிறவர் தாயத்துக்கும் கழிப்புக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இந்தப் பயத்தை விற்றுப் பிழைப்பவர்கள் சிலுவையைக் காட்டிக்கொண்டும் வரலாம். காணிக்கைத் தொகையைச் சொல்லி ஜெபிக்கிறவரை நம்ப வேண்டாம்.

பயத்துக்காக மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவா?

இல்லை. காரணமின்றி நெஞ்சு படபடப்பதும், மூச்சு முட்டுவதும், வாரக்கணக்கில் உறக்கமில்லாமற்போவதும், உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றுவதும் சிகிச்சை தேவைப்படும் நிலைகள். பவுலோடு பயணம் செய்தவர் 'பிரியமான வைத்தியனாகிய லூக்கா' என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எலியா தீர்க்கதரிசி பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்டபோது, தேவன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. உறங்க விட்டார். தூதன் தட்டியெழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் உறங்க விட்டான். அடையும் தண்ணீரும் உறக்கமும் தேவன் கொடுத்த மருந்து என்றால், மாத்திரையும் அப்படியே.

நோயுற்றவரைக் கட்டிவைத்து ஜெபித்தால் போதும் என்று யாரும் எண்ணாதிருக்க, நம் கரையிலேயே நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். எந்த மதத்தின் பெயராலும் மனிதரைச் சங்கிலியில் கட்டக் கூடாது. அருகில் மருத்துவர் இல்லையென்றால், டெலி மானஸ் எனப்படும் அரசின் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

பயம் பிடிக்கும் அந்த நொடியில் நீண்ட ஜெபம் வருவதில்லை. என்ன சொல்வது?

பேதுரு தண்ணீரின்மேல் நடந்து, காற்று பலமாயிருக்கிறதைக் கண்டு பயந்து, அமிழ்ந்துபோகையில் சொன்னது, 'ஆண்டவரே, என்னை இரட்சியும்' என்பதுதான். மூன்றே சொற்கள். அதற்குமேல் சொல்ல அவருக்கு நேரமும் இருக்கவில்லை. இயேசு உடனே கையை நீட்டி அவரைப் பிடித்தார்.

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு சகோதரி தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கிறவள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கும் வேலை. அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் மூழ்கும் முன் பயமாகத்தான் இருக்கிறது என்றாள். 'அப்ப என்னம்மா செய்வே?' என்று கேட்டேன். 'மூச்சை இழுக்கும்போது ஆண்டவரேன்னு இழுப்பேன் அக்கா. மிச்சத்தைத் தண்ணிக்கு அடியிலே சொல்லிக்குவேன்' என்றாள்.